பிணம் சிரிக்க மறுத்த சாயங்காலம்

கோட்டக்குப்பம் செக்போஸ்ட்டில் நின்ற போலீஸ்காரர் முதலில் பார்த்தது என் தலையைத்தான். ஹெல்மெட் இல்லை. கையை நீட்டி ஸ்கூட்டரை ஓரம் கட்டச் சொன்னார்.

ஓட்டிக்கொண்டு வந்தவள் என் மனைவி கஸ்தூரி. அவள் தலையில் ஹெல்மெட் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் தலையில், தாடையோடு சேர்த்து உச்சியில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. நெற்றி முழுக்கச் சந்தனம், நடுவில் ஒரு ரூபாய்க் காசு. கழுத்தில் சம்பங்கி மாலை.

அவர் கிட்டே வந்தார். என்னைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார்.

"யம்மா, என்னாம்மா இது?"

"எங்க வீட்டுக்காரரு சார்."

"அது சரி. உசுரோட இருக்காரா?"

"இருக்காரு சார். இருக்கணும்னுதான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

நான் மரியாதைக்காகக் கையைத் தூக்கி ஒரு வணக்கம் வைத்தேன். வைத்திருக்கக் கூடாது. மனிதர் வெலவெலத்துப் போனார்.

ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. டிக்கியைத் திறக்கச் சொன்னார். புதுச்சேரியிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைகிற வண்டியில் அவர்கள் தேடுவது பாட்டில். டிக்கியில் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பன்னீர். பக்கத்தில் ஒரு கட்டு ஊதுபத்தியும் கொஞ்சம் பஞ்சும்.

பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்தார். "போம்மா, போ. நல்லபடியா முடிச்சிட்டு வா" என்றார். எதை முடிக்கச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கஸ்தூரி வண்டியைக் கிளப்பினாள். எனக்குத் தாடை கட்டியிருந்ததால் பேச முடியவில்லை. என் வாயைக் கட்டிப் பின்னால் உட்கார வைத்து ஓட்டும் ஒரு நாளுக்காக அவள் கல்யாணம் ஆனதிலிருந்தே காத்திருந்திருப்பாள்.

செத்தவர்கள் போட்ட சோறு

என் மூன்று நாவல்களும் விற்காத கதையைப் போன வாரம் இதே பத்தியில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு வாசகர் ஒருவர் போன் செய்தார். "அப்ப எதை வெச்சு சார் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. செத்தவர்களை வைத்துத்தான் சாப்பிட்டேன்.

நெல்லித்தோப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. கண்ணீர் அஞ்சலி பேனர்களுக்கு நாலு வரி எழுதித் தருவது என் வேலை. பேரும் வயசும் போட்டோவும் கொண்டு வருவார்கள். "பாசத்தின் சிகரமே, பண்பின் இருப்பிடமே" என்று ஆரம்பிப்பேன். ஊரில் தினமும் பெண்டாட்டியை அடித்தவனும் பாசத்தின் சிகரம், அடி வாங்கினவளும் பாசத்தின் சிகரம். எழுதி எழுதி எனக்கு மனுஷ ஜென்மத்தின் மேலேயே ஒரு இளக்காரம் வந்துவிட்டது. யார் அழுதாலும் அடுத்த வரியை நானே மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இன்னொன்றும் கவனித்தேன். பேனரில் எல்லாப் பிணமும் சிரிக்கும். ஏதாவது கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவை வெட்டி ஒட்டியிருப்பார்கள். சில பேனரில் பக்கத்தில் நின்ற ஆளின் கை மட்டும் தோளில் மிச்சமிருக்கும்.

எங்கள் வீட்டில் நான் சிரிக்கிற போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. புத்தகத்தின் பின்னட்டையில்கூட முறைத்துக்கொண்டுதான் இருப்பேன். எழுத்தாளன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. "இந்த மூஞ்சியப் பாத்துட்டு எவன் புக்கு வாங்குவான்?" என்று கஸ்தூரி கேட்பாள். எவனும் வாங்கவில்லை என்பதால் அவளிடம் வாதாட முடியவில்லை.

இரண்டாவது சாவுக்கு யார் வருவார்கள்?

அந்த ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான் பிரபா வந்தான். சினிமா எடுக்கப் போகிற பையன், முப்பதுகூட இருக்காது. படத்துக்கு ஒரு அஞ்சலி பேனர் வேண்டும் என்றான். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சிரிப்பதற்காக எழுதவில்லை.

"சார், இதை எழுதற கை நாவலும் எழுதுமா?"

"எழுதும். யாரும் படிக்க மாட்டாங்க."

"அதான் சார் என் படத்தோட கதை" என்றான்.

கதை இதுதான். புத்தகம் விற்காத ஒரு எழுத்தாளன். வாயைத் திறந்தால் விஷம். ஒருநாள் அவன் செத்துவிட்டான் என்று தவறாகச் செய்தி பரவுகிறது. உடனே புத்தகங்கள் விற்கத் தொடங்குகின்றன. பதிப்பாளர் ஓடி வந்து காலில் விழாத குறையாக, "கொஞ்ச நாளைக்குச் செத்தே இருங்க" என்று கெஞ்சுகிறார். இவன் முக்காடு போட்டுக்கொண்டு தன் இரங்கல் கூட்டத்துக்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்கிறான். மேடையில் அழுகிற ஒருத்தரும் இவனைப் படித்ததில்லை என்று தெரிகிறது. கடைசியில் நிஜமாகவே செத்துப் போகிறான். அப்போது யாரும் வரவில்லை. ஏற்கெனவே எல்லோரும் அழுது முடித்துவிட்டார்கள். "ஒரு ஆளுக்கு எத்தினி தடவைதான் மாலை வாங்கறது?" என்று கேட்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

அந்தக் கடைசி வசனம் என்னுடையது. மொத்தப் படத்துக்கும் வசனம் நான்தான். இந்தக் கதைக்கு நான் எங்கேயும் போய் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கவில்லை.

சினிமாக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்தால் கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவரைத் தேடிக்கொண்டு போவார்கள். பிரபா போகவில்லை. சோலை நகரில் ஒரு சொல்தாவின் வீட்டைப் பிடித்தான். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். பெரியவர் வீட்டைக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: "சாவு சீனை எல்லாம் சாயங்காலம் நாலு மணிக்குள்ள முடிச்சிக்க, முசே. விளக்கு வெக்கற நேரத்துல என் வீட்டுல பொணம் கிடக்கப்படாது." முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

கால் ஆட்டும் பிணம்

படப்பிடிப்பின் கடைசி நாள் காலையில், கதாநாயகனாக நடித்தவர் ஃப்ரீசர் பெட்டிக்குள் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறதாம். வீட்டில் ஜோசியரைக் கேட்டார்களாம். ஒரு ரப்பர் பொம்மையைக் கொண்டு வந்தார்கள். அதற்கு மூக்கு ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. பிரபா தலையைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். கேமரா வாடகைக்கு எடுத்தது, அன்றோடு சென்னைக்குத் திருப்ப வேண்டும். சாவு இல்லாமல் படம் இல்லை.

அவருக்கும் தாடி, எனக்கும் தாடி. உயரமும் ஏறக்குறைய ஒன்று. கண்ணாடிப் பெட்டிக்குள், பூவுக்கு நடுவில், தூரத்திலிருந்து எடுக்கிற ஷாட். "நான் படுக்கறேன்" என்றேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் எனக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான் தேறி வந்துவிட்டேன். கஸ்தூரிதான் தேறவில்லை. அவள் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். ஷிப்ட் முடிந்து சாயங்காலம் வருவாள். நான் கண்ணயர்ந்திருந்தால் முதல் வேலையாக என் மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்ப்பாள். ராத்திரியிலும் அதுவேதான். அவள் ஒழுங்காகத் தூங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் அதைக் கிண்டல் செய்வேன். "எழுத்தாளனுக்கு மூச்சு நின்னாத்தான்டி மவுசு" என்று. அவள் சிரிக்க மாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தே நான் பார்க்கவில்லை.

ஆகவே பெட்டியில் படுக்கப்போவதை அவளுக்குச் சொல்லவில்லை. வசனம் திருத்த வேண்டியிருக்கிறது என்று மட்டும் போனில் சொன்னேன்.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே கால் ஆட்டுகிற பழக்கம். ஒரு இடத்தில் உட்கார முடியாது, படுக்க முடியாது, மனசு சும்மா இருந்தாலும் கால் சும்மா இருக்காது. பிணமாகப் படுத்த ஐந்தாம் நிமிஷம் உதவி இயக்குநர் கத்தினார்: "சார், பொணம் கால் ஆட்டுது!" கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். அப்புறம் முழங்கால் ஆடியது. "எழுதறவன் செத்தாலும் அடங்க மாட்டான்போல" என்று யாரோ சொல்ல, அழுவதற்காக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

ஒருவழியாக ஷாட் முடிந்தபோது நாலு மணி ஆகிவிட்டது. சொல்தா வாசலில் நின்று கையைத் தட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கினார்கள், விளக்கைக் கழற்றினார்கள். நான் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினேன்.

லூர்து அக்கா கொண்டு வந்த செய்தி

அழுத பெண்களில் ஒருத்தர் எங்கள் தெரு லூர்து அக்கா. எனக்குப் பின்னாலேயே வந்து, கஸ்தூரி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதற்காக வாசலில் காத்திருந்தார். விஷயத்தை அவிழ்க்காவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

"அடியே கஸ்தூரி, உன் வீட்டுக்காரரு இன்னிக்கு பொணமா படுத்தாரு பாரு, எனக்கு நெஜமாவே அழுகை வந்துடுச்சி. அசல் பொணம்லாம் பிச்சை வாங்கணும்."

கஸ்தூரி கையில் இருந்த டிபன் பையைக் கீழே வைத்தாள்.

"ஆனா ஒண்ணுடி. அவசரத்துல சிரிக்கற ஷாட்டு எடுக்காம விட்டுட்டானுங்க. அது தப்பு இல்ல?"

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை மேக்கப் கலைக்கும் முன், அதே கோலத்தில், கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். படத்தில் அது வராது. நடித்த சாவு நிஜச் சாவாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அப்படி ஒரு கழிப்பு. எனக்கு அந்த வழக்கம் தெரியும். எடுக்கவில்லை என்பதும் தெரியும். சுத்த மூடத்தனம் என்று நினைத்துப் பேசாமல் வந்துவிட்டேன்.

கஸ்தூரி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தாள். காதோரம் சந்தனம் ஒட்டியிருந்தது.

"அந்தப் பையனுக்கு போன் போடுங்க."

"எதுக்கு?"

"சிரிக்கறதுக்கு."

நான் என் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். விஞ்ஞானம், நம்பிக்கை, படித்தவர்கள், படிக்காதவர்கள் என்று நீட்டிக்கொண்டே போனேன். அவள் முழுசாகக் கேட்டாள்.

"நீங்க நம்ப வேணாம். யாரு நம்பச் சொன்னா? செத்துப் போறது நீங்க, ஒரு நிமிஷ வேலை. முழிச்சிக்கிட்டு கிடக்கறது நான்தானே? என்னால முடியலைங்க. இனிமே முடியாது."

சொல்லிவிட்டுச் சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை நான் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. போன் போட்டேன்.

பிரபா பிள்ளைச்சாவடியில் இருந்தான். கடல் ஷாட் ஒன்று பாக்கியாம். "இருட்டறவரைக்கும் இங்க இருப்போம் சார், அப்படியே சென்னை கெளம்பறோம்" என்றான். "வேணும்னா மொபைல்ல ஒரு செல்ஃபி எடுத்து அனுப்புங்களேன்."

கஸ்தூரி போனை வாங்கினாள். "தம்பி, எந்த கேமராவுல பொணமா எடுத்தீங்களோ அதே கேமராவுல சிரிக்கணும். வர்றோம், இருங்க" என்றாள்.

பஞ்சு

அதே கோலம் வேண்டும். மேக்கப்காரர் போய்விட்டார். கஸ்தூரி என்னைக் கூடத்தில் உட்கார வைத்தாள்.

சந்தனம் குழைத்தாள். மாலை, பன்னீர், ஊதுபத்தி எல்லாம் லூர்து அக்கா ஓடிப் போய் வாங்கி வந்தார். காசு நெற்றியில் நிற்கவில்லை. பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பும் கவர் ஒட்ட நான் வைத்திருந்த கோந்தை எடுத்துத் தடவி ஒட்டினாள். அந்தக் கோந்தால் ஒட்டியதில் திரும்பி வராமல் நின்றது இந்தக் காசு ஒன்றுதான்.

பழைய வேட்டியைக் கிழித்துத் தாடைக்குக் கீழே கொடுத்து மேலே இழுத்தாள். அவளுக்கு வரிசை தெரியும். அவள் அம்மாவுக்கு எல்லாம் அவள்தான் செய்தாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டாள்.

ஒரு வருஷமாக அவள் எதை நினைத்துத் தூங்காமல் கிடந்தாளோ, அதை இப்போது தன் கையால் எனக்குச் செய்துகொண்டிருந்தாள். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறக்கப் பார்த்தேன். தாடை கட்டியிருந்தது.

பிறகு பஞ்சை எடுத்துத் திரித்தாள். என் மூக்கருகே கொண்டு வந்தாள். அங்கேயே நிறுத்திவிட்டாள். என் மூச்சு அந்தப் பஞ்சின் இழையை ஆட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கன்டினியூட்டி..." என்று பல்லிடுக்கில் முனகினேன். ஷாட்டில் பஞ்சு இருந்தது.

"உங்க கன்டினியூட்டியத் தூக்கிக் குப்பையில போடுங்க. மூக்கை அடைக்க மாட்டேன்."

பஞ்சு டிக்கிக்குப் போனது.

பிள்ளைச்சாவடி

எங்கள் ஊர் பூகோளம் ஒரு வேடிக்கை. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் தமிழ்நாடு. கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் புதுச்சேரி. அன்றைக்கு ஒரு பிணம் பர்மிட் இல்லாமல் இரண்டு எல்லைகளைத் தாண்டியது. மணிக்கூண்டு பக்கத்தில் பூக்கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஷேர் ஆட்டோவில் ஒரு பாட்டி எனக்குக் கும்பிடு போட்டு, நான் திரும்பிப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். செக்போஸ்ட் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பிள்ளைச்சாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இறங்க ஆரம்பித்திருந்தது. கேமரா பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. பிரபா என்னைப் பார்த்து, "ஐயோ சார்" என்று சொல்லிவிட்டு மறுபேச்சில்லாமல் கேமராவை வெளியே எடுக்கச் சொன்னான். மணலில் கிடந்த ஒரு படகில் என்னைச் சாய்த்து உட்கார வைத்தார்கள்.

"சிரிங்க சார்."

நான் சிரித்தேன். துணிக்குள் உதடு ஒரு பக்கமாக ஏறியது.

"கட் பண்ணு தம்பி" என்றாள் கஸ்தூரி. "அது அடுத்தவங்களைப் பாத்து சிரிக்கற சிரிப்பு. நக்கலு. அது செல்லாது."

மறுபடி சிரித்தேன். "இது வலிப்பு" என்றாள். மறுபடி. "இது டாக்டர்கிட்ட காட்டற பல்லு."

எனக்கு எரிச்சல் வந்தது. வயசு ஐம்பதைத் தாண்டிய ஒருத்தனுக்குச் சிரிக்கத் தெரியவில்லை என்று கடற்கரையில் பத்துப் பேர் முன்னால் நிரூபணமானால் வராதா? கேமராமேன் வானத்தைப் பார்த்தார். இன்னும் சில நிமிஷம்தான் தாங்கும் என்றார். கஸ்தூரியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. "சிரிங்களேன்" என்றாள். இப்போது அது அதட்டல் இல்லை. "எனக்காகச் சிரிங்களேன். ஒரே தடவை." அவள் கெஞ்சக் கெஞ்ச எனக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. காலும் வழக்கம்போல் ஆட ஆரம்பித்துவிட்டது.

அப்போது கரையோரமாக ஒரு பெரியவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். படகில் சாய்த்து வைத்திருந்த என்னைப் பார்த்தார். சட்டென்று செருப்பைக் கழற்றினார், தலைத்துண்டை எடுத்தார், கைகூப்பினார். அவர் பார்வை கீழே இறங்கி என் காலில் நின்றது.

கஸ்தூரியிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ரொம்ப அக்கறையோடு சொன்னார்:

"யம்மா, இன்னும் கால் ஆடுதேம்மா. கொஞ்சம் பொறுத்துத் தூக்கலாமே. ஏன் அவசரப்படறீங்க?"

கஸ்தூரி அவரைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். முதலில் ஒரு சத்தம் வந்தது, அழுகிறாளோ என்று நினைத்தேன். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட்டோடு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரிக்கிறாள். நிறுத்தப் பார்த்து என் காலைப் பார்த்துவிட்டு மறுபடி சிரிக்கிறாள். ஒரு வருஷமாக நான் சொன்ன ஒரு ஜோக்குக்கும் வராத சிரிப்பு அது.

அவளைப் பார்த்து நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. தாடைக்கட்டு அவிழ்ந்து மாலையில் விழுந்தது மட்டும் தெரியும்.

"ஓகே!" என்று பிரபா கத்தினான்.

வீட்டுக்கு வந்து விளக்கு வைத்த கையோடு, சேலைகூட மாற்றாமல், கஸ்தூரி கூடத்துத் தரையில் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டாள். சாப்பிட எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. என் மூச்சை அன்றைக்கு யாரும் சோதிக்கவில்லை.

பேனருக்கு ஒரு போட்டோ

படம் வந்தது, போனது. எங்கள் ஊரில் ஒரு தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. கடைசிக் காட்சியில் வெறிச்சோடிய வீடு, பெட்டி, ஈ ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர். திரை கருப்பாகிறது. அப்புறம் ஒரு கடற்கரை, ஒரு படகு, சந்தனமும் மாலையுமாக ஒருத்தன் வாய் கொள்ளாமல் சிரிக்கிறான். கீழே எழுத்து: வசனம், என் பெயர். பிரபா எங்களைக் கேட்காமலேயே சேர்த்துவிட்டான்.

ஒரு விமரிசகர் அந்த முடிவு படத்தின் கசப்பைக் கெடுத்துவிட்டது என்று எழுதினார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் மோசமாக எழுதியிருப்பேன்.

சில நாள் கழித்துப் பிரபா அந்தச் சிரிப்பிலிருந்து முகத்தை மட்டும் தனியாக வெட்டி, சந்தனத்தையும் காசையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு, என் போனுக்கு அனுப்பியிருந்தான். அடுத்த புத்தகத்தின் பின்னட்டைக்கு ஆகும் என்று. நல்ல போட்டோ. பல் எல்லாம் தெரிந்தது. நான் சிரித்து எடுத்த ஒரே போட்டோ.

கஸ்தூரியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள். அப்புறம் என் கண் முன்னாலேயே அதை அழித்தாள்.

"ஏன்டி?"

"சிரிச்ச போட்டோ இருந்தாத்தானே பேனர் போடுவாங்க?" என்று போனை என் கையில் திணித்தாள். "இல்லாமயே இருக்கட்டும். காலை ஆட்டாம உட்காந்து சாப்பிடுங்க, ரசம் ஆறுது."